செய்யாத தப்புக்கு கேமரா அபராதமா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

ரஞ்சன்குடி கோட்டை அருகே, வீட்டு வாசலில் நிற்கிறது ஒருவரின் பைக். ஆனால், சென்னையில் சிவப்பு சிக்னலைத் தாண்டியதாக அவரது செல்போனுக்கு இ-செலான் வருகிறது என வைத்துக்கொள்வோம். "சென்னைக்கு யார் அலையுறது, கட்டித் தொலைச்சிடலாம்" என்றுதான் பலருக்கும் தோன்றும். சிக்கலே அங்குதான். பணம் கட்டினால் வழக்கு முடிந்துவிடும். "நான் செய்யலை" என்று பிறகு வாதாடுவது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை செலானுடன் இருக்க வேண்டும். 15 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றும், அந்த இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம்.

என்ன செய்யலாம்?

பரிவாகன் இணையதளத்தில் செலான் எண்ணைப் போட்டு, முதலில் படத்தைப் பாருங்க. அதில் இருப்பது உங்க வண்டி இல்லையென்றால், அங்கேயே புகார் பதியலாம். உங்க நம்பரை வேறு வண்டியில் மாட்டியிருந்தால், காவல் நிலையத்திலும் புகார் கொடுங்க. அதற்கும் தீர்வு கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கண்டுக்காம மட்டும் விட்டுடாதீங்க; வண்டியின் பேரில் அபராதம் நிலுவையாகவே நிற்கும்.