கொத்தனாருக்குப் பள்ளிக்கூடம் எங்கே?

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடம் சீவலப்பேரி. முக்கூடற் பள்ளுக்குரிய மண் என்று புலவர்கள் இவ்வூரைப் போற்றுவார்கள். கோவில்பட்டி வாசிகளோ, தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் புறப்படும் ஊர் என்று இதனை அறிவார்கள். இவ்வூருக்குக் கீழே மருதூர் அணை இருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் ஆங்கிலேய சர்க்கார் இங்கே காலூன்றுவதற்கு முன்பே நம்மவர் கட்டியவை. தந்தையிடம் மகனும், ஆசானிடம் சீடனும் ஆண்டுக்கணக்கில் நின்று கற்ற வித்தையின் பயன் அவை.

அந்த வித்தை இன்று எவ்விதம் கற்பிக்கப்படுகிறது என்று விசாரிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்ததும், அரிசிக்கும் துணிக்கும் அடுத்தபடியாக ஆற்றங்கரை மக்கள் தேடியது கொத்தனாரைத்தான். இனி எழுப்பும் சுவர் அடுத்த வெள்ளத்திற்கு நிற்குமா நிற்காதா என்பது அவருடைய கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு வித்தை கற்பித்தவர் யார்?

பெரும்பாலும் ஒருவரும் இல்லை என்பதே உண்மை. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பையன் சாந்துச் சட்டி சுமக்க வருகிறான். கையாளாகச் சில ஆண்டுகள் கழிகின்றன. மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்து இரண்டு வரி செங்கல் வைத்துப் பார்க்கிறான். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இவ்வாறே பழக்கமாகின்றன. சுண்ணாம்புக் காலத்திற்கு இந்த முறை ஓரளவு போதுமானதாக இருந்திருக்கலாம். சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்த பிறகு போதாது. கலவை இளகி வர வேண்டுமென்று ஒரு குடம் தண்ணீரை அதிகமாக ஊற்றினால் கான்கிரீட்டின் வலிமை குன்றிவிடும். ஏழு நாளேனும் நீர் கட்டி வைக்காவிட்டால் அது முறையாக இறுகாது. கம்பியின் மேல் போதிய கனம் கலவை மூடாவிட்டால் ஈரம் புகுந்து துருவேறும்; சில ஆண்டுகளில் மேல்தளம் பெயர்ந்து விழும். கிரகப் பிரவேசத்தன்று இக்குற்றங்களில் ஒன்றுகூட எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு கட்டும் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இலேயே தொடங்கப்பட்டது. நெல்லை ஜில்லாவுக்குப் பேட்டையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜீஸ் ஸ்தாபனத்தின் கூட்டுறவோடு ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. மகிழத்தக்க காரியமே. ஆனால் அந்தப் பணம் யந்திர மனிதனையும் கணிப்பொறியால் இயங்கும் கடைசல் யந்திரத்தையும் நாடிச் சென்றது. தொழிற்சாலைக்குப் போகிறவனுக்குக் கதவு திறந்தது. சாரத்தில் நிற்கிறவனுக்குத் திறக்கவில்லை. பெற்றோர்களும் மகனை மின்சார வேலைக்கு அனுப்பச் சம்மதிப்பார்கள். கொத்து வேலை கற்கவும் பள்ளியா என்று கேட்பார்கள்.

பணம் இல்லை என்ற சமாதானமும் செல்லாது. கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-இல் மத்திய சட்டம் இயற்றப்பட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரைத் தலைவராகக் கொண்ட இயக்கம் நெடுங்காலம் வாதாடிப் பெற்ற சட்டம் அது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அதனுடன் பிறந்த ஏற்பாடு. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அத்தீர்வை இடம் பெற்றிருக்கிறது. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் ஒரு கணக்கு வெளியாயிற்று. நாடெங்கும் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவழிந்ததோ சுமார் 9,500 கோடிதான். தொழிலாளியின் பெயரால் வாங்கிய பணம் பெட்டியில் உறங்க, தொழிலாளி வெயிலில் நின்றிருக்கிறான்.

மத்திய சட்டத்துக்கு முன்பே, 1994-இல், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது நமக்குப் பெருமை. பதிவு பெற்ற தொழிலாளருக்குத் தையூரிலும் காஞ்சிபுரத்திலும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, கூலி இழப்பை ஈடுகட்ட நாளொன்றுக்கு 800 ரூபாய் தரும் ஏற்பாட்டையும் வாரியம் செய்தது. இதிலுள்ள நியாயம் பாராட்டுக்குரியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனிடம், கூலியை விட்டுவிட்டுக் கற்க வா என்பது பரிகாசம் அல்லவா? ஆயினும் சீவலப்பேரிக் கொத்தனாருக்கு அவ்விரண்டு ஊர்களும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. மனைவி மக்களை விட்டு அவ்வளவு தூரம் எத்தனை பேர் போக முடியும்?

பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கட்டட முதலாளிகளிடம் தீர்வை வாங்கி, அதைத் தொழிற் பயிற்சிக்கென்றே செலவிட ஒரு வாரியம் அமைத்தார்கள். ஜெர்மனியில் தொழில் பயில்பவன் வாரத்தில் சில நாள் பள்ளியிலும் சில நாள் வேலைத் தலத்திலும் கற்கிறான். கற்கும்போதே ஊதியமும் பெறுகிறான். கையால் செய்யும் தொழில் வழியாகவே கல்வி வர வேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதற்கு அந்நியமான கருத்தன்று.

நமது யோசனை இதுதான். தீர்வைப் பணத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு ஜில்லாவிலும் கட்டடத் தொழிற் பயிற்சிக்கென்று தனியே ஒதுக்கப்பட வேண்டும். பேட்டை நிலையத்தில் மாலை வகுப்புகள் நடக்கட்டும். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. சர்க்கார் செலவில் எழும் ஒவ்வொரு வீடும் ஒரு பள்ளிக்கூடமாகலாமே! மத்திய சர்க்காரின் ஊரக வீட்டுத் திட்டத்தில், வீடு கட்டும் இடத்திலேயே கொத்தனாருக்கு 45 நாள் பயிற்சி தரும் முறை ஏற்கெனவே உண்டு. தேர்ந்தவனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் பயன்பட்டால் வீண். சர்க்கார் வேலைகளில் அதற்கேற்ற உயர்ந்த கூலி நிர்ணயிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்பிள்ளை சாந்துச் சட்டியோடு வந்து சில ஆண்டுகளில் கொத்தனாராகிறான். அதே சட்டியோடு வந்த பெண்ணோ தலை நரைத்த பின்னும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளுக்கு யாரும் கரணையைக் கொடுப்பதில்லை. பயிற்சி இடங்களில் ஒரு பங்கு பெண்களுக்கென்று வைத்தாலன்றி இந்த அநீதி தீராது.

தேர்ந்த கொத்தனார் அதிகக் கூலி கேட்பாரே என்று சில நேயர்கள் கவலைப்படலாம். கேட்பார், கேட்கவும் வேண்டும். ஒழுகும் தளத்தை இரண்டாம் முறை பெயர்த்துப் போடும் செலவோடு அந்தக் கூலியை ஒப்பிட்டுப் பார்த்தால் கவலை நீங்கும். இனி வீடு கட்டப் புறப்படும் குடும்பத்தார், வேலைக்கு வருபவர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரிக்கட்டும். இல்லையெனில் பதிவு செய்ய உதவட்டும். வாக்குக் கேட்டு வரும் பிரதிநிதிகளிடம், நம் ஜில்லாவின் தீர்வைப் பணத்தில் எத்தனை பேருக்குத் தொழில் கற்பித்தீர்கள் என்று கேட்கட்டும். பல ஊர்களிலிருந்து அக்கேள்வி ஒருமிக்க எழுந்தால், பதில் சொல்லாமல் இருக்க எந்தச் சர்க்காராலும் முடியாது.