கினி எலி பொம்மை அல்ல
பிரெஞ்சு வகுப்பில் கினி எலியை 'கொஷோன் தேந்த்', அதாவது 'இந்தியப் பன்றி' என்று படித்தோம். அது பன்றியும் அல்ல, இந்தியாவைச் சேர்ந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிராணி. பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சித்திரை வெயிலில் அதை வாங்கி மாடியில் வைப்பது பாவம். 27 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம்.

நம்மைப் போலவே அதன் உடலிலும் வைட்டமின் சி தானாக உண்டாகாது. தினமும் கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு குடைமிளகாய் கொடுக்க வேண்டும். பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் உலர்ந்த புல் எந்நேரமும் வேண்டும். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். தனியே விட்டால் ஏங்கும். இரண்டு பெண் எலிகளாக வளர்ப்பது நல்லது.

5 முதல் 8 ஆண்டுகள் வாழும். பேரன் விடுதிக்குப் போனபின் கூண்டைக் கழுவப்போவது நாம்தான். அதற்குத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள்.