பாலுக்கு ஹாலு, புலிக்கு ஹுலி

"இங்கிலீஷ், ஹிந்தி போதாதுன்னு கன்னடம் வேற, பாவம் பிள்ளைங்க!" பெங்களூரு தமிழ் வீடுகளில், 2015-ல் சட்டம் வந்ததிலிருந்து, இந்தப் புலம்பல் அதிகம். எனக்கென்னவோ பாவமாகத் தெரியவில்லை. பாதி கன்னடம் நம்ம வீட்டிலேயே இருக்குங்க.

சொல்லின் முதலில் நம்ம 'ப', அங்கே பெரும்பாலும் 'ஹ': பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழைய கன்னடத்தில் அதுவும் 'ப'தான். ஸ்பானிஷிலும் இதே கதை: லத்தீன் 'ஃப' பல சொற்களில் 'ஹ' ஆகி, இப்போது எழுத்தில் மட்டும் இருக்கிறது, வாயில் வருவதில்லை.

நம்ம செவி அவர்களுக்குக் கிவி. சேரி, கேரி. இதில் மாறியது நாம்தான். பழைய ஒலி அவர்களிடம்தான் இருக்கிறது!

ஏழு ஏளு, கோழி கோளி. கன்னடத்திலும் ஒரு காலத்தில் 'ழ'வுக்குத் தனி எழுத்து இருந்தது. அதனால் பிள்ளை 'வாளைப்பளம்' என்றால் உடனே ஊரைத் திட்டாதீர்கள். மதுரைப் பக்கம் யார் கற்றுக்கொடுத்தார்களாம்?

நிஜமான கஷ்டம் வேறு. நம்ம ஒரே 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் அப்படியே. எழுத்துப் பிழையில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான். டியூஷன் வைப்பதென்றால் அதற்கு மட்டும் வையுங்கள்.