அட்டை மாற்றியவருக்கு உரியது என்ன?

தறி ஒருவருடையதாகவும் அதில் ஓடும் சித்திரம் வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்பது, ஆந்திர எல்லையோரத்தில் நெசவையே ஜீவனமாகக் கொண்ட அம்மையார்குப்பத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமன்று. தறியும் பாவும் ஊடையும் அப்படியே இருக்க, ஜக்கார்டுப் பெட்டியில் கோத்த அட்டையை மட்டும் மாற்றினால், நேற்று மாங்காய் விழுந்த கரையில் இன்று மயில் தோகை விரிக்கும். நூல் கொடுத்தவர் யார், நெய்தவர் யார், அட்டைக்கு உருவம் வரைந்தவர் யார், அவரவருக்கு உரியது எவ்வளவு என்ற கணக்கு நெசவுத் தொழிலில் பழையது. அதே ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் கேம்களின் உலகத்திலோ, அட்டை மாற்றுபவருக்கு உரியது என்ன என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகள் கழிந்தும் நேரான விடை கிடைத்தபாடில்லை.

ஒரு நிறுவனம் முதலிட்டு உருவாக்கிய ஆட்டத்தை, அதில் ஈடுபாடு கொண்ட பொழுதுபோக்குக் கலைஞர்கள் தம் ரசனைக்கேற்பத் திருத்தி அமைப்பதையே மோட் என்கிறார்கள். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ இதற்கு நம் கண்முன் நிற்கும் பிரத்தியட்ச உதாரணம். பேருந்தின் மேல் தாமே வரைந்த லிவரி என்னும் வண்ணப் பூச்சை ஒட்டிக்கொள்ளவும், பின்னர் முழு வண்டியையே புதிதாக வடித்து உள்ளே ஏற்றவும் அந்நிறுவனம் வழிவிட்டதன் பயனாக, ஜாவாத் தீவின் சாலைகளில் நம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முகப்புக் கண்ணாடியின் வளைவும், ஊர்ப்பலகையின் எழுத்தும், ஹாரனின் சுருதியும் பிசகாமல் அமைய வேண்டுமென்று இரவெல்லாம் கண்விழித்தவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள இளைஞர்கள். அவர்களில் எவருக்கும் அந்த ஸ்தாபனத்தில் உத்தியோகம் கிடையாது.

இதனினும் வியப்பானது ‘கிரிக்கெட் 07’-இன் சரித்திரம். 2006 நவம்பரில் அதை வெளியிட்ட ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ், கணினிக்கான கிரிக்கெட் ஆட்டத் தயாரிப்பை அத்துடன் நிறுத்திக்கொண்டது. ஐ.பி.எல். பிறந்ததோ 2008-இல், ஆகவே அந்தக் குறுந்தகட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் என்றோர் அணி இருந்திருக்கவே முடியாது. ஆயினும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் மஞ்சள் சட்டையணிந்த தோனியைக் கொண்டு மட்டை வீசினார்களென்றால், ஆண்டுதோறும் அணிப் பட்டியலையும் சீருடையையும் மைதானங்களையும் திருத்திப் பேட்ச் என்னும் திருத்தக் கோப்புகளாக விநியோகித்த ரசிகர்களே அதற்குக் காரணம். பெற்றவர் கைவிட்ட குழந்தையை ஊரார் வளர்த்த கதை அது.

வெளியுலகிலும் விதி வேறாக இல்லை. 1993-இல் ‘டூம்’ ஆட்டத்தை வெளியிட்ட இட் சாஃப்ட்வேர், ஆட்டத்தை இயக்கும் பொறியையும் அதில் தோன்றும் சித்திரங்களையும் அரங்கங்களையும் வெவ்வேறு கோப்புகளாகப் பிரித்து வைத்தது. தறியிலிருந்து அட்டையைக் கழற்றும் வசதி என்றே இதனைச் சொல்லலாம். ‘ஹாஃப் லைஃப்’ என்னும் ஆட்டத்தின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999-இல் கட்டிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’கை, மூல ஆட்டத்துக்குரிய வால்வ் நிறுவனமே அடுத்த ஆண்டு விலைக்கு வாங்கி, அவர்களுக்கு வேலையும் கொடுத்தது. 2020 செப்டம்பரில் நம் அரசு தடைசெய்யும் வரை தெருவுக்குத் தெரு பிள்ளைகள் மூழ்கிக் கிடந்த ‘பப்ஜி’யின் பூர்வோத்தரத்தை விசாரித்தாலோ, ‘ஆர்மா 2’ என்ற ஆட்டத்துக்கு ஒருவர் செய்த ‘டேஇசட்’ மோடின் மேல் பிரெண்டன் கிரீன் என்பவர் செய்த இன்னொரு மோடே அதன் வித்து என்று புலனாகும்.

இத்தனை உபகாரம் பெற்ற வியாபாரம் அதற்குக் காட்டிய கைம்மாறு என்ன? ‘டியூக் நியூகம் 3டி’க்கு ஆட்டக்காரர்கள் தாமாகவே அமைத்த அரங்கங்களில் முந்நூறைத் திரட்டி மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் விற்றபோது, 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மூல ஆட்டத்தின் உரிமையாளர் பக்கமே நியாயம் கண்டது, இரு வணிகர்கள் வழக்காடிய அந்த விளைச்சலைப் பயிரிட்டவர்கள் வழக்கில் ஒரு கட்சியாகவும் இல்லை. 2015 ஏப்ரலில் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தின் மோட்களை விலைக்கு விற்க வால்வும் அந்த ஆட்டத்துக்குரிய பெத்தெஸ்டாவும் ஏற்பாடு செய்தபோது, செய்தவருக்கென ஒதுக்கியது நூற்றுக்கு இருபத்தைந்து. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் திட்டம் கைவிடப்பட்டது. ‘வார்கிராஃப்ட் 3’-இன் வரைபடக் கருவியிலிருந்து முளைத்த ‘டோட்டா’ பிறர் கையில் பெருஞ்செல்வமானதைக் கண்ட பிளிசார்டு நிறுவனம், 2020-இல் தன் ‘வார்கிராஃப்ட் 3’-ஐப் புதுப்பித்தபோது, அதில் எவர் எதைச் செய்தாலும் அது தன் சொத்தே என்று நிபந்தனை விதித்தது.

நிறுவனங்களின் கட்சியிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. முதலும் நஷ்டமும் அவர்களுடையவை. பணம் கட்ட வேண்டிய ஆட்டத்தைப் பூட்டுடைத்து ‘மோட் ஏபிகே’ என்ற பெயரில் உலவவிடுவது கலையன்று, களவு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஒரு படைப்பைத் திருத்தியமைக்கும் உரிமையை உரிமையாளருக்கே அளிப்பதால், மோட் செய்பவர் எவ்வளவு நேர்மையாளராயினும் பிறர் தயவில் நிற்பவராகவே இருக்கிறார். மோட் செய்பவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர்: ஒருவர் வடித்த பேருந்தை மற்றொருவர் தம் பெயரில் வெளியிடுவது அவர்களிடையே ஓயாத வழக்கு.

ஆனால் தயவு வேறு, உரிமை வேறு. லாபம் தரும்வரை விருந்தாளியாகவும் லாபத்தில் பங்கு கேட்டவுடன் அத்துமீறி நுழைந்தவராகவும் ஒரே மனிதரைப் பாவிப்பது எந்தத் தர்மத்துக்கும் உகந்ததன்று. மோடுக்கு இடம்கொடுக்கும் நிறுவனம், எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். மோடைத் தன் வியாபாரத்தில் சேர்த்துக்கொண்டால் செய்தவரின் பெயரையும் பங்கையும் தர வேண்டும். எழுதிய நிபந்தனையைப் பின்னாளில் திருத்தி முன்னாளைய உழைப்பைக் கவர்ந்துகொள்ளக் கூடாது. இவை மூன்றும் அபூர்வமான கோரிக்கைகள் அல்ல.

அனிமேஷனையும் கேமிங்கையும் வளர்க்கப் பணிக்குழு அமைப்பதாக மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அத்தகைய திட்டங்களை வகுப்போர், பட்டம் பெற்றுச் சம்பளத்துக்கு அமரும் தொழிலாளரை மட்டும் எண்ணாமல், கைப்பேசி ஆட்டத்துக்காகத் தாமே பேருந்து வடிக்கக் கற்றுக்கொண்ட இந்தப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூதனமான சட்டம் தேடி அலையவும் வேண்டியதில்லை. உரிமையை விற்றுவிட்ட பின்னும் இது என் படைப்பு என்று கோரும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை என்று அதே 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நியாயத்தை மோட் செய்பவருக்கும் நீட்டினால் போதும்.