முன்கட்டிய கலாசாலைச் சம்பளம்

குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே அதன் கலாசாலைச் சம்பளத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று ஒரு சர்க்கார் கூறினால், எந்தத் தகப்பனார்தாம் மனம் இளகமாட்டார்? அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக்குப் பெயர்போன அலபாமா ராஜ்யத்தின் சட்டசபை 1989-ஆம் ஆண்டில் இத்தகைய திட்டமொன்றைச் சட்டமாக்கியது. அன்றைய விலைக்குப் பத்திரம் வாங்க வேண்டியது. மொத்தமாகவோ மாதத் தவணையாகவோ பணம் செலுத்த வேண்டியது. பிள்ளை வளர்ந்து கலாசாலை புகும்போது சம்பளம் எவ்வளவு உயர்ந்திருப்பினும், நான்கு வருஷத்துக்கு நிதியே அதைக் கட்டிவிடும் என்பது ஏற்பாடு.

இதிலுள்ள சங்கடம் நெசவாளருக்கு உடனே விளங்கும். பதினெட்டு ஆண்டு கழித்து நெய்து தரவேண்டிய சேலைக்கு இன்றைய நூல் விலையில் பணம் வாங்கி வைப்பவர், நூல் ஏறும் வேகத்துக்குக் குறையாமல் அப்பணத்தைப் பெருக்கியாக வேண்டுமன்றோ? அலபாமா நிதியின் பெரும்பகுதி ஷேர்களில் போடப்பட்டிருந்தது. சர்வகலாசாலைகளோ சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போயின. அந்த ஏற்றத்தைத் தடுக்க நிதியை நடத்தியவர்களுக்கு யாதோர் அதிகாரமும் இல்லை. 2007 செப்டம்பரில் சுமார் 90 கோடி டாலராக இருந்த சொத்து, 2008-இன் ஷேர் மார்க்கெட் வீழ்ச்சிக்குப் பின் 2009 தொடக்கத்தில் ஏறத்தாழ 46 கோடியாயிற்று. புதிய பத்திரம் விற்பது நின்றது. ஏறக்குறைய 48,000 பிள்ளைகளின் படிப்பு அதில் மாட்டிக்கொண்டது.

சர்க்கார் நடத்துவது கைவிடாது என்றே பெற்றோர் நம்பினர். ஆனால் நிதி வற்றினால் ராஜ்யமே பொறுப்பேற்கும் என்ற வாசகம் சட்டத்தில் இல்லை. புளோரிடா தன் திட்டத்துக்கு அந்த உறுதியைச் சட்டத்திலேயே எழுதிற்று. டெக்ஸாஸ் 1997-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதிற்று. விளம்பரத்தைப் படித்தவர் பலர், சட்டத்தைப் படித்தவர் சிலர். (நம் சங்கத்து உபவிதிகளை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)

2010-இல் சட்டசபை மீட்பு மசோதாவை நிறைவேற்றியது. 2015 முதல் 2027 வரை சுமார் 54.8 கோடி டாலர் தருவதென்பது தீர்மானம். பாதியாய்ச் சுருங்கிய நிதி, நடுவிலுள்ள ஐந்தாண்டைத் தன் கைமுதலைக் கொண்டே கடக்கவேண்டியதாயிற்று. சம்பள உயர்வுக்கு வரம்பு கட்டும் யோசனையும் விவாதத்தில் எழுந்தது. பெரிய சர்வகலாசாலைகள் அதை விரும்பவில்லை.

பத்திரம் வாங்க வசதியற்ற கூலியாளின் வரிப்பணத்தை, வாங்க வசதியிருந்தவர் பிள்ளைக்குச் செலவிடுவது நீதியா என்ற கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கொடுக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ராஜ்யத்தின் பெயரைக் காட்டி வாங்கிய பணம் அது. வாங்கியபோது பொறுப்பை எழுதாமல் விட்ட சட்டசபை, அந்த மௌனத்தையே பின்னர்க் கேடயமாகப் பிடிப்பது தகாது.

வழக்கும் நடந்தது. 2010-ஆம் ஆண்டு இலையுதிர்காலச் சம்பள அளவுக்கு மட்டும் நிதி கொடுத்தால் போதும், அதற்குமேல் ஏறுவதைக் குடும்பத்தார் ஏற்கவேண்டும் என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2012 மார்ச்சில் ராஜ்யத்தின் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. நூற்றுக்கு நூறு நிதி இருக்கவேண்டுமென்று 2010-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருக்கையில், குறைவாகக் கொடுக்க இசைவது எவ்வாறு செல்லும் என்பது நியாயம். உடனே சட்டசபை என்ன செய்தது? பணத்தைக் கூட்டவில்லை, அதே 2012-இல் சட்டத்தைத் திருத்தி, குறைத்துக் கொடுப்பதற்கு வழிவிட்டது.

விற்பனை நின்ற 2008-ஆம் ஆண்டில், பிறந்த குழந்தைக்கென்று பத்திரம் வாங்கிய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைவது 2026-இல். உடன்பாட்டின்படி அதற்கும் 2010-ஆம் ஆண்டுச் சம்பளமே அளவுகோல். மீதி வீட்டார் பொறுப்பு.