மெஷினுக்கு இலட்சங்கள், அதை இயக்குபவருக்கு?

நமது ஊர்களில் இப்போது புடவைக் கடைக்கு அடுத்தபடியாகப் பணம் போய்ச் சேரும் தொழில் மருத்துவம்தான். காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கமும் அப்படித்தான். பாமசி, இரத்தப் பரிசோதனை நிலையம், சனலிங் சென்டர் என்று போர்டுகள். வெளிநாட்டில் உழைத்த காசும் காணி விற்ற காசும் இதில் இறங்குகின்றன. ஹலாலான வியாபாரம். நோயாளி தூர இடங்களுக்கு அலையும் சிரமமும் குறைகிறது. நல்ல விடயம்.

ஆனால் முதலாளிமாரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி, குளிரூட்டி, கணினி, மெஷின் என்று எல்லாவற்றுக்கும் உங்களிடம் கணக்கு இருக்கிறது. அந்த மெஷினுக்குப் பின்னால் நிற்பவர் புதிதாகப் படிப்பதற்கென்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? நான் டாக்டர்மாரைச் சொல்லவில்லை. மருந்தாளர், எம்.எல்.டி., எக்ஸ்ரே எடுப்பவர், பிசியோதெரபிஸ்ட் இவர்களைத்தான் சொல்கிறேன். டாக்டர் தீர்மானம் எடுப்பது இவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தானே!

சீனி வருத்தத்துக்கான இரத்தப் பரிசோதனையை எடுத்துக் கொள்வோம். உடம்பிலிருந்து எடுத்த பிறகும் இரத்தத்திலுள்ள கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண குழாயில் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். நமது வெயிலுக்கு இன்னும் வேகமாகக் குறையும். காலையில் 180 இருந்த இரத்தம் நான்கு மணித்தியாலத்தில் 140 அளவுக்கு இறங்கிவிடும். மெஷின் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்ததை அளந்து சரியாகத்தான் சொல்கிறது. நோயாளியோ "அல்ஹம்துலில்லாஹ், சீனி இறங்கிவிட்டது" என்று சந்தோசமாக வீட்டுக்குப் போகிறார்.

இதற்காகத்தான் சாம்பல் நிற மூடியுள்ள புளோரைட் குழாய் இருக்கிறது. ஆனால் புளோரைட் முழுமையாக வேலை செய்ய ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும், ஆகவே எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும் அல்லது சிட்ரேட் சேர்ந்த குழாயைப் பாவிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். இருபது வருடங்களுக்கு முன் படித்து முடித்தவருக்கு இதை யார் சொல்வது? இங்கே எடுத்த இரத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்குப் போவதாக இருந்தால் இது இன்னும் பெரிய பிரச்சினை. ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரச் சான்றிதழ் மெஷினை மட்டும் பார்ப்பதில்லை. ஊழியரின் திறமையைக் காலத்துக்குக் காலம் மதிப்பிட்டுப் பதிவு வைத்திருக்கிறீர்களா, தொடர்ந்து படிக்க வழி செய்திருக்கிறீர்களா என்றும் கேட்கிறது.

பாமசிக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மருந்துச் சிட்டையைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி மருந்தை வீட்டுக்கு எடுக்கும் பழக்கம் பரவியது. ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. வசதிதான். ஆனால் நேரில் வந்தால் கேட்கக்கூடிய கேள்விகள் போட்டோவில் காணாமல் போகின்றன. கிளினிக்கில் கொடுத்த மெட்போர்மினும் தனியாரில் வேறொரு பெயரில் எழுதிய மெட்போர்மினும் ஒரே மருந்துதான் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கும் உம்மாமார் நம் வீடுகளில் இல்லையா? படித்த மருந்தாளர் திருப்பி ஒரு கோல் எடுத்து, "வேறு என்ன குளிசை பாவிக்கிறீர்கள்?" என்று கேட்பார். கேட்கத் தெரியாதவருக்கு வட்ஸ்அப் கிடைத்தால் பிழையும் வேகமாக வீடு வந்து சேரும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டப்படி பாமசியில் தகுதி பெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உரியவர்களுக்கு விளங்கும்.

நோன்பு காலத்தில் இது இன்னும் பாரதூரமானது. சர்வதேச நீரிழிவு சம்மேளனமும் டார் என்ற அமைப்பும் சேர்ந்து நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளருக்கென்றே 2016இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு 2021இல் திருத்தியுள்ளன. சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட வேண்டும் என்கிறது அது. மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. ஆனால் ஷஃபான் மாதத்தில் மருந்தெடுக்க வருபவரிடம், "நோன்பு பிடிப்பீர்களா, டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று கேட்க வேண்டியவர் கவுண்டரில் நிற்பவர். வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

"படிப்பித்து விட்டால் ஆள் பறந்து விடுவான்" என்பதுதான் முதலாளிமாரின் பதில். பறக்கத்தான் செய்வார்கள். 2022 நெருக்கடியின் பின் எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தோமே. ஆனால் சவூதியில் சுகாதாரத் துறை ஊழியர் தனது பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சி மணித்தியாலங்களைக் காட்ட வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்கு இங்கேயே வழி செய்து கொடுக்கும் முதலாளியை விட்டுப் போக ஒருவன் இரண்டு தடவை யோசிப்பான். திறந்த பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியம் மூன்றுக்கும் பட்டப் படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்து மருத்துவ பீடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் நமது பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி தெரிய வேண்டும்.

ஒவ்வொரு முதலாளியும் தனியாகச் செய்ய முடியாதுதான். பத்துப் பேர் சேருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மண்டபம், ஒரு திரை, இணைய இணைப்பு போதும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. விரிவுரையாளர்களை மரியாதையாக அழைத்தால் வராமலா போவார்கள்? முதல் வகுப்பு இரத்தக் குழாயைப் பற்றியும் இரண்டாவது நோன்பு கால மருந்தைப் பற்றியும் இருக்கட்டும். றஜப் மாதத்தில் ஆரம்பித்தால் தலை நோன்புக்கு முன் நான்கைந்து வகுப்புக்களை முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.