மரச்சீனிக் கணக்கும் மேதாவி யோசனையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேரளத்தின் நான்காம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வான எல்.எஸ்.எஸ்.ஸில் தேற, நண்பர் ஒருவர் கடந்த இதழில் வைத்தியம் எழுதியிருக்கிறார். தமிழ் வழி வகுப்பை விட்டு மலையாள வழிக்கு மாற்ற வேண்டுமாம். மூன்றாம் வகுப்பிலிருந்தே மாலைநேரக் கோச்சிங்குக்கும் அனுப்ப வேண்டுமாம். நான்காம் வகுப்புப் பிள்ளை எதனோடாவது அவர் சமீபத்தில் பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

தேர்வு இரண்டு தாள். மொத்தம் 80 மதிப்பெண், 48 எடுத்தால் உதவித்தொகை. தமிழ் வழிப் பிள்ளைக்கு வினாத்தாள் தமிழிலேயே உண்டு. கட்டுரை முழுக்கத் தேடியும் இந்தச் செய்தி கண்ணில் படவில்லை. தெரியாமல் விட்டிருந்தால், இதில் யோசனை சொல்ல அவருக்கு என்ன தகுதி? தெரிந்தே விட்டிருந்தால், பெற்றோரை ஏய்த்திருக்கிறார்.

“தமிழில் படித்தால் கணக்கு வராது” என்கிறாரே, அம்மாவோடு களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வரும் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கட்டும். மரச்சீனி கிலோ 40 ரூபாய். இரண்டரைக் கிலோ எவ்வளவு? கேட்டு முடிக்கும் முன்பே நூறு என்று பதில் வரும். அதே கணக்கை நாலு வரிக்கு நீட்டி அச்சடித்துக் கொடுங்கள், பேந்தப் பேந்த முழிக்கும். இடறுவது கணக்கில் அல்ல, வாசிப்பில். வாசிப்பு கைகூடி வருகிற வயதில் பயிற்றுமொழியையே பிடுங்குவதுதான் நண்பரின் சிகிச்சை!

தாய்மொழியில் படிப்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே ஆண்டு அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவும் சேர்ந்தது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும். கோச்சிங் சென்டர் நடத்துவோரின் வசதி அதில் எங்கும் இல்லை.

அது போகட்டும். பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களியக்காவிளைக் கடையில் தொங்கும் தமிழ் கைடு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானது. கேரளப் பாடத்துக்கு உதவாது. வேண்டியது பழைய எல்.எஸ்.எஸ். தமிழ் வினாத்தாள்கள். வாரம் ஒன்று, பள்ளி நேரத்திலேயே, பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி, “இந்த விடை எப்படி வந்தது?” என்று கேட்கும் ஓர் ஆசிரியர் போதும். சாயங்காலம் பிள்ளை விளையாடட்டும். பள்ளி ஆசிரியரே வீட்டில் டியூஷன் எடுப்பதாக இருந்தால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நண்பர் அதையும் வாசித்து வைப்பது நல்லது.

பெற்றோர்களே, கோச்சிங்குக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் முன் அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் அந்தத் தமிழ் வினாத்தாள்களைக் கேளுங்கள். பள்ளியில் இல்லை என்றால் பாறசாலை ஏ.இ.ஓ. அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், தமிழிலேயே.